பிறப்புப் பதிவின் ஓரத்தில் 'ஸாரா' என்று இருக்கிறதே, யார் அது?

வைகைக்கரை:

வணக்கம். விஷயம் நம் ஊரைப் பற்றியது இல்லை. ஆனாலும் தமிழில் கேட்டால்தான் எனக்குச் சரியாகக் கேட்க வரும் என்பதால் இங்கே போடுகிறேன், தெரிந்தவர்கள் கொஞ்சம் கைகொடுங்கள்.

நான் மதுரைக்காரி, லண்டன் வந்து இருபது வருஷமாகிறது. கணவர் இங்கேயே பிறந்து வளர்ந்தவர். அவருடைய அம்மாவைப் பெற்ற பாட்டி ஜெர்மனியில் பிறந்த யூதர். 1939இல், பதினைந்து வயதில், கிண்டர்டிரான்ஸ்போர்ட் என்று சொல்லிப் பிள்ளைகளை மட்டும் ஏற்றி அனுப்பினார்களே, அப்படி ஒரு ரயிலில் தனியாக வந்து இறங்கியவர். பெற்றோர் அங்கேயே இருந்துவிட்டார்கள். ஊர் தென்மேற்கு ஜெர்மனியில் பாடன் பகுதியில், லார் என்ற ஊருக்குப் பக்கத்தில் ஒரு கிராமம் (பெயர் வேண்டாம், சின்ன ஊர், ஆளைக் கண்டுபிடித்துவிடலாம்). பாட்டி இருந்தவரை இதைப் பற்றி வாய் திறந்ததில்லை. அவர் போய்ப் பல வருஷம் கழித்து, இப்போது எழுபத்தேழு வயதில் என் மாமியாருக்கு, தன் அம்மா வழி ஆட்கள் யார் யார் என்று தெரிந்துகொள்ள ஆசை வந்திருக்கிறது. கம்ப்யூட்டர் முன்னால் உட்காரும் வேலை மருமகள் தலையில்.

முதலில் பாட்டியின் பிறப்புப் பதிவைக் கேட்டு ஒரு அலுவலகத்துக்கு எழுதினேன். 'நீங்கள் நேரடி வாரிசு இல்லை' என்று இரண்டு வரியில் பதில் வந்தது. சரிதான், மருமகள்தானே நான். அப்புறம் பாட்டியின் அம்மாவுடைய பதிவை, அதாவது என் கணவருக்குக் கொள்ளுப்பாட்டி, 1896இல் பிறந்தவர், அவருடையதை அந்த ஊர் ஆவணக் காப்பகத்தில் கேட்டால் ஒரு கேள்வியும் கேட்காமல் பத்தே நாளில் ஸ்கேன் செய்து அனுப்பிவிட்டார்கள். ஒன்றுக்கு முடியாது, இன்னொன்றுக்கு முடியும், ஏன் என்று புரியவில்லை.

வந்த பக்கம் அச்சடித்த படிவம், நடுவில் விட்ட இடங்களைப் பேனாவால் நிரப்பியிருக்கிறார்கள். கீழே அப்பாவின் கையெழுத்து, கடைசி எழுத்தில் ஒரு மைச்சொட்டு. பிரச்சினை ஓரத்தில் இருக்கிறது. வேறு மையில், வேறு கையில், பொடியாக நாலைந்து வரி. 1939 ஜனவரி என்ற தேதியும் 'ஸாரா' என்ற பெயரும் மட்டும் தெரிகிறது. அதற்குக் கீழே இன்னும் இரண்டு வரி, ஒரு முத்திரை. எங்களுக்குத் தெரிந்து கொள்ளுப்பாட்டியை யாரும் ஸாரா என்று கூப்பிட்டதில்லை. இரண்டாவது பெயராக இருக்கும் என்கிறார் கணவர். சின்ன வயதிலேயே இறந்துபோன அக்காவோ தங்கையோ என்கிறார் மாமியார்.

இன்னொன்று, சிரிக்காதீர்கள். படிவத்தில் அப்பா பெயருக்குப் பக்கத்திலும் அம்மா பெயருக்குப் பக்கத்திலும் 'இஸ்ராயெலிட்டிஷ்' என்று இருக்கிறது. இவர்கள் இஸ்ரேலிலிருந்து வந்து குடியேறியவர்களா? இதற்கு முந்தைய தலைமுறைகளைத் தேட வழி உண்டா? கொள்ளுப்பாட்டியை 1940இல் கூட்டிக்கொண்டு போய்விட்டார்கள் என்பது மட்டும் தெரியும், இறப்புப் பதிவு எங்கேயும் கிடைக்கவில்லை.

டோர்ட்முண்ட் அண்ணை:

தங்கச்சி, முதலில் ஸாராவைச் சொல்லிவிடுகிறேன், மற்றதெல்லாம் பிறகு.

ஸாரா என்று ஒருவரும் இல்லை. 1938 ஆகஸ்ட் 17இல் நாஜி அரசு ஒரு ஆணை போட்டது. யூதர்கள் தங்களுக்கென்று அரசு வெளியிட்ட பட்டியலில் உள்ள பெயரை வைத்திருக்க வேண்டும், அப்படி இல்லாதவர்கள் 1939 ஜனவரி 1 முதல் ஆண் என்றால் 'இஸ்ரயேல்', பெண் என்றால் 'ஸாரா' என்று கூடுதல் பெயர் போட்டுக்கொள்ள வேண்டும். போட்டால் மட்டும் போதாது. தன் பிறப்பையும் கல்யாணத்தையும் பதிந்த அலுவலகங்களுக்குத் தானே எழுதி அறிவிக்க வேண்டும், ஊர்ப் பொலிசுக்கும் சொல்ல வேண்டும், அதுவும் ஜனவரி முடிவதற்குள். 43 வருஷத்துக்கு முன் எழுதி மூடிய பக்கத்தைத் திரும்பத் திறந்து அந்த ஊர்ப் பதிவாளர் ஓரத்தில் எழுதியதுதான் நீங்கள் பார்க்கிற பொடி எழுத்து. கீழே முத்திரையோடு இருக்கிற இரண்டு வரி அநேகமாகப் போருக்குப் பிறகு, மேலே உள்ள குறிப்பு செல்லாது என்று எழுதியதாக இருக்கும். முழுப் பக்கத்தையும் படம் எடுத்துப் போட்டால் வாசித்துச் சொல்கிறேன்.

அந்த ஓரத்தை வெட்டிவிட்டு நடுப்பகுதியை மட்டும் சேமித்து வைக்காதீர்கள், நிறையப் பேர் அதைச் செய்கிறார்கள். சில குறிப்புகளில் அந்த ஆள் 1939 தொடக்கத்தில் எந்த ஊரில் இருந்தார் என்பதும் தெரிந்துவிடும். பதிவேடுகளை இரண்டு பிரதியாக எழுதுவார்கள், இரண்டாவது பிரதியில் ஓரக் குறிப்பு விடுபட்டிருக்கலாம், கையெழுத்தும் ஆளே போட்டதாக இராது, பதிவாளர் பார்த்து எழுதியதாக இருக்கும். உங்களுடையதில் மைச்சொட்டோடு கையெழுத்து இருக்கிறது என்கிறீர்கள், அப்படியானால் ஊரில் வைத்திருந்த முதல் பிரதியாகத்தான் இருக்கும்.

'இஸ்ராயெலிட்டிஷ்' என்றால் சமயம், தங்கச்சி. அந்தக் காலத்து அலுவலகத் தமிழில் நாங்கள் 'சைவம்', 'வேதம்' என்று எழுதினது மாதிரி. சில இடத்தில் 'மொஸாயிஷ்' என்று வரும், மோசேயின் சமயம் என்று பொருள். இஸ்ரேல் என்ற நாடே 1948இல்தான் வந்தது. சிரிக்கவில்லை, நானும் முதல் தடவை அப்படித்தான் நினைத்தேன்.

ஒன்று கிடைத்து இன்னொன்று கிடைக்காததற்குக் காரணம் வருஷக் கணக்கு. 2009இலிருந்து உள்ள சட்டப்படி பிறப்புப் பதிவு 110 வருஷமும் விவாகப் பதிவு 80 வருஷமும் மரணப் பதிவு 30 வருஷமும் பதிவு அலுவலகத்திலேயே இருக்கும். அதற்குப் பிறகு காப்பகத்துக்குப் போய்விடும், யாரும் பார்க்கலாம். 1896 எப்போதோ திறந்துவிட்டது. பாட்டி 1923 என்றால் இன்னும் மூடித்தான் இருக்கிறது, நேரடி வழி வந்தவர் கேட்டால்தான் கொடுப்பார்கள். உங்கள் மாமியார் கையெழுத்தில் கடிதம் போகட்டும், அவர் இன்னாரின் மகள் என்று காட்டும் பத்திரங்களின் நகலையும் சேர்த்து அனுப்புங்கள். இல்லையென்றால் அவர் உங்கள் பெயருக்கு அதிகாரக் கடிதம் கொடுக்கட்டும்.

எங்கள் ஊர்க் கச்சேரியில், அதாவது அரசு அலுவலகத்தில், பதிவுப் புத்தகம் போனதால் உத்தேச வயதுச் சான்றிதழ் எடுத்துக்கொண்டு இந்த நாட்டுக்கு வந்தவன் நான். 1896இல் ஒரு கிராமத்தில் எழுதின பக்கம் இன்றைக்கும் இருக்கிறது என்பதே எனக்குப் பெரிய அதிசயம். இந்தப் புத்தகங்கள் தப்பின கதையும் விசித்திரம்தான். யார் யூதர் என்று கண்டுபிடிக்கிறதுக்காக நாஜிகளின் வம்சாவளி அலுவலகம் யூத சபைகளின் பதிவேடுகளைப் பறித்துச் சேர்த்தது, போர் முடியப்போகிற நேரத்தில் டூயிஸ்பர்க்கைச் சேர்ந்த காட்டர்மன் என்ற நிறுவனத்தைக் கொண்டு படச்சுருளில் ஏற்றியது. அசல் புத்தகங்களில் பெரும்பகுதி தொலைந்துபோய்விட்டது, சுருள்கள் மிஞ்சிவிட்டன. ஜெர்மனியின் பல பகுதிகளில் இன்றைக்கு நாங்கள் திரையில் புரட்டுவது அந்தச் சுருளைத்தான். வேட்டைக்காரன் வரைந்த வரைபடத்தை வைத்துக்கொண்டு பேரப்பிள்ளைகள் ஊர் தேடுகிறார்கள்.

தரங்கம்பாடிக் காற்று:

அண்ணன் சொன்னதோடு சேர்த்து, பாடன் என்பதால் உங்களுக்கு அதிர்ஷ்டம் என்று சொல்லிவிடுகிறேன். நான் ஹாலே நகரத்தில் தரங்கம்பாடி மிஷன் கடிதங்களைப் படிக்கப் போய் அந்தப் பழைய ஜெர்மன் கையெழுத்தைக் கற்றுக்கொண்டவன், அந்தத் தகுதியில் பேசுகிறேன்.

ஜெர்மனி முழுக்க அரசுப் பதிவு 1876 ஜனவரியில் வந்தது, பிரஷ்யாவில் 1874 அக்டோபர், பாடனில் 1870 பிப்ரவரி. ஆனால் பாடனில் அதற்கு முன்பே, 1810 முதல், அந்தந்த ஊர்க் கிறிஸ்தவப் பாதிரியாரே அரசுக்காகப் பிறப்பு, கல்யாணம், சாவு எல்லாவற்றையும் எழுத வேண்டும் என்று இருந்தது, ஊரிலிருக்கும் யூதர்களுக்கும் சேர்த்து. யூதப் பிள்ளை பிறந்ததைப் பாதிரியார் எழுதுகிறார் என்பது கேட்க வேடிக்கையாக இருக்கும். அவர் ஒரு நகலை நீதிமன்றத்துக்கு அனுப்ப வேண்டும், அந்த நகல்கள் அப்படியே பிழைத்துக் கிடக்கின்றன. தென் பாடன் ஊர்கள் ஃப்ரைபர்க் அரசு ஆவணக் காப்பகத்தில் எல் 10 என்ற தொகுப்பில், வட பாடன் ஊர்கள் கார்ல்ஸ்ரூஹவில் 390 என்ற தொகுப்பில். இரண்டுமே இணையத்தில் படமாக இருக்கின்றன, காசு கிடையாது. லார் பக்கம் என்றால் எல் 10. வூர்ட்டம்பெர்க் ஆக இருந்திருந்தால் ஷ்டுட்கார்ட் காப்பகத்தில் ஜே 386, வீஸ்பாடன் காப்பகத்தில் ஹெஸ்ஸன் ஊர்களுக்கு 365. இந்த எண்களைத் தெரிந்து வைத்துக்கொண்டால் பாதி வேலை முடிந்தது.

பெயர் தட்டித் தேடினால் எதுவும் வராது, இப்போதே சொல்லிவிடுகிறேன். ஊர், வருஷம் என்று போய்ப் பக்கம் பக்கமாகப் புரட்டத்தான் வேண்டும். வம்சாவளித் தளங்களில் தேடி 'ஒன்றும் இல்லை' என்று வந்ததும் விட்டுவிடுகிறவர்கள் அதிகம், அங்கே இல்லை என்றால் யாரும் இன்னும் அட்டவணை போடவில்லை என்று மட்டும்தான் அர்த்தம்.

வரிசையை மாற்றிப் பிடியுங்கள், இது என் பிடிவாதம். எல்லாரும் பிறப்பைத் தேடுவார்கள். நீங்கள் கல்யாணத்தைத் தேடுங்கள். கல்யாணப் பதிவில் மாப்பிள்ளை, பெண் இரண்டு பேரின் பிறந்த தேதி, பிறந்த ஊர், இரண்டு பக்கத்துப் பெற்றோர், அம்மாக்களின் பிறந்த வீட்டுப் பெயர், அவர்கள் உயிரோடு இருக்கிறார்களா, எந்த ஊரில், சாட்சிகள் யார் என்று ஒரே பக்கத்தில் நாலு குடும்பம் கிடைக்கும். கொள்ளுப்பாட்டியின் கல்யாணம் 1920ஐ ஒட்டி இருக்கும் இல்லையா, 80 வருஷம் தாண்டிவிட்டது, கேட்டால் கொடுப்பார்கள். பெரும்பாலும் பெண் வீட்டு ஊரில்தான் பதிவு இருக்கும், நம்மைப் போலத்தான்.

இனி எழுத்து. குரெண்ட் என்ற அந்தக் கையெழுத்தில் 'எ' பார்க்க 'ன்' போலவே இருக்கும், இரண்டு குச்சி. 'உ'வுக்குத் தலையில் ஒரு சின்ன வளைவு போடுவார்கள், அதை வைத்துத்தான் மற்ற குச்சிகளிலிருந்து பிரிக்க வேண்டும். ஆள் பெயரை மட்டும் பல எழுத்தர்கள் சாதாரண லத்தீன் எழுத்தில் எழுதுவார்கள், கண் முதலில் அங்கேதான் போகும், அது போதும் ஆரம்பத்துக்கு. டிரான்ஸ்கிரிபுஸ் என்ற மென்பொருளில் போட்டால் ஓரளவு வாசித்துக் கொடுக்கும், பெயர்களில் மட்டும் அதை நம்பாதீர்கள். வாசகம் ஒரே அச்சுதான். இன்ன வருஷம், இன்ன நாள், காலை இத்தனை மணிக்குப் பிறந்தது, இன்ன வியாபாரிக்கும் அவர் மனைவி இன்னாருக்கும் முறைப்படி பிறந்த மகள், சாட்சிகள் இன்னார். பத்துப் பக்கம் புரட்டினால் மனப்பாடம் ஆகிவிடும். உங்கள் 1896 படிவத்தின் கடைசியில்கூட 'வாசித்துக் காட்டி, ஒப்புக்கொண்டு, கையெழுத்திடப்பட்டது' என்று இருக்கும் பாருங்கள், நம் கிரயப் பத்திரத்துக்குச் சித்தப்பா பிள்ளை.

ஒரு பொறி: மாதத்தை 7பெர், 8பெர், 9பெர், 10பெர் என்று சுருக்கி எழுதுவார்கள். ஏழாம் மாதம் ஜூலை என்று போட்டுவிடாதீர்கள். லத்தீனில் ஏழு செப்டம், ஆகவே 7பெர் செப்டம்பர், 10பெர் டிசம்பர். நான் ஒரு பாதிரியாரை இரண்டு மாதம் முன்கூட்டியே கப்பலேற்றிய அனுபவத்தில் சொல்கிறேன்.

சும்மா ஒரு ஆள்:

இவ்வளவு கஷ்டம் எதற்கு? எச்சிலைக் குழாயில் துப்பி அனுப்பினால் டிஎன்ஏ சோதனையில் சொந்தக்காரர் பட்டியலே வந்துவிடுமே. என் நண்பர் ஒருவர் அப்படித்தான் செய்தார்.

தரங்கம்பாடிக் காற்று:

வரும், ஆயிரக்கணக்கில் வரும். அதுதான் தொந்தரவு. மத்திய ஐரோப்பிய யூதர்கள், அஷ்கெனாசி என்பார்கள், பல நூற்றாண்டு தங்களுக்குள்ளேயே மணம் முடித்தவர்கள். யாரோடு ஒப்பிட்டாலும் ஏதோ ஒரு துண்டு ஒத்துப்போகும், மூன்றாம் தலைமுறை உறவு என்று காட்டுகிறவர் உண்மையில் ஏழு எட்டுத் தலைமுறை தள்ளி ஐந்தாறு வழியில் சொந்தமாக இருப்பார். அத்தை மகள், மாமன் மகள் என்று கட்டிய குடும்பத்தில் பிறந்த நமக்கு இதை விளக்கவே வேண்டாம். பத்திரம் கையில் இருந்தால் டிஎன்ஏ துணைக்கு நிற்கும், அது மட்டும் தனியாகப் போனால் காட்டில் விட்ட மாதிரி.

வைகைக்கரை:

மூன்று வாரம் கழித்து வருகிறேன், மன்னிக்கவும். உங்கள் இரண்டு பேருக்கும் எப்படி நன்றி சொல்வது என்று தெரியவில்லை.

ஸாரா விஷயத்தை மாமியாரிடம் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசவே இல்லை. அப்புறம், 'அந்த அறிவிப்பை என் பாட்டியேதான் எழுதிப் போட்டிருப்பாளா?' என்று கேட்டார். ஆமாம் என்றேன். எழுந்து போய் டீ போட்டுக்கொண்டு வந்தார்.

கல்யாணத்தைத் தேடச் சொன்னது மந்திரம் மாதிரி வேலை செய்தது. 1921ஆம் வருஷத்துப் பதிவு வந்தது (அதன் ஓரத்தில் மாப்பிள்ளைக்கு 'இஸ்ரயேல்', பெண்ணுக்கு 'ஸாரா', இரண்டும் ஒரே கையெழுத்து). அதில் கொள்ளுப்பாட்டியின் அப்பா, அம்மா. அந்த அப்பா 1862இல் பிறந்தவர், மாட்டு வியாபாரி. எல் 10இல் ராத்திரி ராத்திரியாக உட்கார்ந்து அவருடைய பிறப்பையும், அவருடைய பெற்றோரின் 1858 கல்யாணத்தையும் பிடித்துவிட்டேன். 9பெர் என்று இருந்தது, நீங்கள் சொல்லாவிட்டால் சத்தியமாகச் செப்டம்பர் என்றுதான் எழுதியிருப்பேன்.

இப்போது மூன்று முடிச்சு. 1858 கல்யாணத்தில் மாப்பிள்ளை பெயர் லெயோபோல்ட், அப்பா பெயர் சரியாக இருக்கிறது, பிறந்தது 1834 என்றும் இருக்கிறது. ஆனால் 1834 புத்தகத்தில் அந்தத் தேதிக்கு லெயோபோல்ட் இல்லை, லேப் என்று ஒரு பிள்ளைதான் இருக்கிறது. இவர் அவர்தானா? இரண்டாவது, இவருடைய மனைவியின் பிறந்த வீட்டுப் பெயரும் இவருடைய குடும்பப் பெயரும் ஒன்றே, எழுத்தர் தப்பாக எழுதிவிட்டாரா? மூன்றாவது, இவருடைய அப்பா 1798ஐ ஒட்டிப் பிறந்திருக்க வேண்டும், அதற்கு முன்னால் போக ஒரு புத்தகமும் இல்லை. சுவரில் முட்டிக்கொண்டு நிற்கிறேன்.

டோர்ட்முண்ட் அண்ணை:

லேப்தான் லெயோபோல்ட். வீட்டில், கோயிலில் ஒரு பெயர், ஊருக்கு ஒரு பெயர். லேப் என்றால் சிங்கம். வேதாகமத்தில் யாக்கோபு தன் மகன் யூதாவைச் சிங்கக்குட்டி என்று வாழ்த்துவார், அதனால் எபிரேயத்தில் யூதா என்றிருப்பவர் ஜெர்மன் வாயில் லேப். நப்தலி என்றால் ஹிர்ஷ், மான். பென்யமின் என்றால் வுல்ஃப், ஓநாய். காலம் மாற மாற லேப் என்ற பெயரைச் சொல்லக் கூச்சப்பட்டு லெயோபோல்ட், லூட்விக் என்று ஆக்கிக்கொண்டார்கள். நம் குப்புசாமி பட்டணம் போய் 'கே. சாமி' ஆன கதைதான்.

மனைவியின் பெயரை எழுத்தர் தப்பாக எழுதவில்லை, சொந்தத்துக்குள் கட்டியிருப்பார்கள். யூத சமயச் சட்டத்தில் தாய்மாமன் அக்காள் மகளைக் கட்டுவதற்கும் தடை இல்லை. உங்கள் மரத்தில் ஒரே ஆள் இரண்டு கிளையில் வந்தால் பதறாதீர்கள்.

சுவர் விஷயம். பாடனில் 1809இல் வந்த யூதர் ஆணைதான் நிலையான குடும்பப் பெயரைக் கட்டாயமாக்கியது. பிரஷ்யாவில் 1812, பவேரியாவில் 1813, அந்தந்த நாட்டுக்கு ஒரு வருஷம். அதற்கு முன்னால் கிராமத்து யூதர்கள் பலர் அப்பா பெயரைத்தான் பின்னால் போட்டுக்கொண்டார்கள். ஐஸக்கின் மகன் ஆபிரகாம் என்றால் ஆபிரகாம் ஐஸக், அவர் மகன் மோசஸ் என்றால் மோசஸ் ஆபிரகாம். வெள்ளைக்காரர்களுக்கு இதை விளங்கப்படுத்த அரை மணி நேரம் வேண்டும், இனிஷியல் போட்டு வளர்ந்த உங்களுக்கு ஒரு நொடி போதும். ஆகவே 1809க்கு முன் உங்கள் குடும்பப் பெயரைத் தேடாதீர்கள், அது பிறக்கவே இல்லை. அப்பா பெயர், தாத்தா பெயர் என்ற சங்கிலியைப் பிடியுங்கள். இவர்கள் உயிரோடு இருக்கிறவர் பெயரைப் பிள்ளைக்கு வைக்க மாட்டார்கள், இறந்த தாத்தா பெயரை வைப்பார்கள், நம் 'பெயரன்' மாதிரி. 1834இல் லேப் என்று பெயர் வைத்தார்கள் என்றால் அதற்கு முன்னால் ஒரு லேப் இறந்திருப்பார், இறப்புப் பக்கங்களில் அவரைத் தேடுங்கள்.

கருங்காடு:

இவ்வளவு நேரம் வாசித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். நான் ஃப்ரைபர்க்கில்தான் வேலை பார்க்கிறேன், அதனால் இரண்டு விஷயம்.

லார் சுற்றுவட்டார யூதக் கிராமங்கள் பலவற்றுக்கும் பொது இடுகாடு ஷ்மீஹைமில் இருக்கிறது, 17ஆம் நூற்றாண்டிலிருந்து. காட்டோரச் சரிவில் இரண்டாயிரத்துக்கும் மேல் கல். உங்கள் 1798 ஆளின் கல் அங்கே இருக்க வாய்ப்பு அதிகம். பாடன்-வூர்ட்டம்பெர்க் யூத இடுகாடுகளைக் கல் கல்லாகப் படம் எடுத்து வைத்திருக்கிறார்கள், ஹைடல்பெர்கில் உள்ள யூத வரலாற்று மத்திய ஆவணக் காப்பகத்தில் கேட்டாலும் தெரியும். கல்லில் எபிரேயத்தில் இறந்தவர் பெயரும் அவர் அப்பா பெயரும் இருக்கும், பதிவேட்டில் கிடைக்காத ஒரு தலைமுறை அங்கேதான் கிடைக்கும். வருஷத்தை எழுத்துகளால் எழுதி, ஆயிரத்தை விட்டிருப்பார்கள். 628 என்று கூட்டு வந்தால் 1240ஐச் சேருங்கள், 1868. (இலையுதிர் காலத்தில் இறந்தவர் என்றால் ஒரு வருஷம் குறையும், அவர்கள் புத்தாண்டு செப்டம்பர் வாக்கில்.) கல் உச்சியில் விரல் விரித்த இரண்டு கைகள் செதுக்கியிருந்தால் குருமார் வம்சம், கோஹென். தண்ணீர்ச் செம்பு இருந்தால் லேவியர், குருமாருக்குத் துணை நின்ற வம்சம். நேரில் போனால் சனிக்கிழமை வேண்டாம், ஆண்கள் தலையை மூடிக்கொள்ள வேண்டும்.

அடுத்தது சொல்லக் கஷ்டமானது. 1940 அக்டோபர் 22இல் பாடன், பஃபால்ட்ஸ், ஸார் பகுதி யூதர்கள் ஏறக்குறைய 6,500 பேரை ஒரே நாளில் ரயிலேற்றிப் பிரான்ஸின் தெற்கே, பிரனீஸ் மலையடிவாரத்தில் கூர்ஸ் என்ற முகாமுக்கு அனுப்பினார்கள். ஆளுக்கு 50 கிலோ சாமான், 100 மார்க். உங்கள் கொள்ளுப்பாட்டி 1940இல் போனார் என்றால் அநேகமாக இதில்தான். அந்தக் குளிர்காலத்திலேயே பலர் இறந்தார்கள். மிஞ்சியவர்களில் நிறையப் பேரை 1942 ஆகஸ்டிலிருந்து பாரிஸுக்குப் பக்கத்தில் உள்ள டிரான்சி வழியாக ஆஷ்விட்ஸுக்கு அனுப்பினார்கள். அங்கே போய் இறங்கியதும் கொல்லப்பட்டவர்களுக்கு எந்தப் புத்தகத்திலும் இறப்புப் பதிவு இல்லை, முகாமில் எண் கொடுத்துச் சேர்த்தவர்களுக்கு மட்டும்தான் எழுதினார்கள். ஆகவே நீங்கள் சரியாகத் தேடவில்லை என்று நினைக்க வேண்டாம்.

அப்படியானால் பார்க்க வேண்டியது, ஜெர்மன் கூட்டாட்சி ஆவணக் காப்பகத்தின் நினைவு நூல் (இணையத்தில் இருக்கிறது, பிறந்த தேதி, எங்கிருந்து எங்கே எந்த நாளில் கொண்டுபோனார்கள் என்பது வரும்), அப்புறம் நாஜிகளால் பாதிக்கப்பட்டவர்களின் ஆவணங்களை வைத்திருக்கும் ஆரோல்சன் ஆவணக் காப்பகம். போருக்குப் பிறகு சொத்து, நஷ்டஈடு விஷயத்துக்காக நீதிமன்றத்தில் 'இறந்ததாக அறிவித்தல்' வாங்கியிருப்பார்கள், அதில் 1945 மே 8 என்று தேதி இருந்தால் அதை உண்மையான தேதி என்று மரத்தில் எழுதிவிடாதீர்கள். போர் முடிந்த நாளைப் போட்டிருக்கிறார்கள், அவ்வளவுதான்.

நான் இருந்தால் எல்லாவற்றுக்கும் முன்னால் நஷ்டஈட்டுக் கோப்பைக் கேட்பேன். லண்டனில் இருந்த பாட்டி 1950களில் தன் பெற்றோருக்காக மனு போட்டிருப்பார். தென் பாடன் கோப்புகள் இதே ஃப்ரைபர்க் காப்பகத்தில் எஃப் 196/1 என்ற தொகுப்பில். நான் ஒரு நண்பருக்காக அப்படி ஒன்றைப் பார்த்தேன். வீட்டில் என்னென்ன இருந்தது என்று மகள் ஞாபகத்திலிருந்து எழுதிய பட்டியல், அறை அறையாக. சாப்பாட்டு மேசை, ஆறு நாற்காலி, தையல் மெஷின், வெள்ளிக்கிழமை ராத்திரிக்கான இரண்டு மெழுகுவர்த்தித் தண்டு. பக்கத்தில் ஒரு அதிகாரி பென்சிலால் ஒவ்வொன்றுக்கும் விலை போட்டு, கீழே கூட்டியிருந்தார். வாய் திறக்காத பாட்டி என்றீர்கள், அங்கே பேசியிருக்கலாம்.

சும்மா ஒரு ஆள்:

குழாய் யோசனையைத் திரும்ப வாங்கிக்கொள்கிறேன். ஒரு சந்தேகம், இதையெல்லாம் வைத்து ஜெர்மன் குடியுரிமை கிடைக்கும் என்கிறார்களே?

கருங்காடு:

நாஜிகள் குடியுரிமையைப் பறித்தவர்களின் வாரிசுகளுக்கு அரசியல் சட்டம் 116ஆம் பிரிவில் உரிமை உண்டு, விடுபட்ட சிலருக்காக 2021இல் குடியுரிமைச் சட்டத்தையும் திருத்தினார்கள். ஆனால் அதற்கு ஸ்கேன், ஸ்க்ரீன்ஷாட் எல்லாம் செல்லாது, சான்றிட்ட நகல் வேண்டும். கொலோனில் ஒரு மத்திய அலுவலகம் பார்க்கிறது, மெதுவாகத்தான் நடக்கும்.

வைகைக்கரை:

குடியுரிமை எல்லாம் கேட்கவில்லை, மாமியார் அந்தப் பேச்சே வேண்டாம் என்றுவிட்டார்.

எஃப் 196/1இல் பாட்டியின் கோப்பு இருக்கிறது என்று பட்டியலிலேயே தெரிந்துவிட்டது. அதற்கும், பாட்டியின் பிறப்புப் பதிவுக்கும் மாமியார் கையெழுத்தில் விண்ணப்பம் நேற்று நிரப்பினோம். ஒரு இடத்தில் பேனா நின்றுவிட்டது. 'பதிவுக்கு உரியவரின் எல்லா முன்பெயர்களும்' என்று ஒரு கட்டம். பாட்டியும் 1939 ஜனவரியில் அங்கேதானே இருந்திருக்கிறார், பதினைந்து வயது, அவர் பக்கத்தின் ஓரத்திலும் ஸாரா இருக்கும் அல்லவா? அதையும் எழுதாவிட்டால் பொருந்தவில்லை என்று திருப்பி அனுப்பிவிடுவார்களோ என்று மாமியார் பயப்படுகிறார். எழுதவும் கை வரவில்லை.

டோர்ட்முண்ட் அண்ணை:

திருப்பி அனுப்ப மாட்டார்கள். பிறந்த தேதியும் ஊரும் பெற்றோர் பெயரும் சரியாக இருந்தால் போதும். அவருடைய அம்மாவும் அப்பாவும் வைத்த பெயரை மட்டும் எழுதச் சொல்லுங்கள், தங்கச்சி.